அபிப்பிராயங்களும் ஒரு மலைப்பாதையும்

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் நண்பர் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். புதிதும் விற்பார், பழையதும் வாங்குவார், ரிப்பேரும் பார்ப்பார். கடைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதில் இடம் கிடைப்பது கஷ்டம். அங்கே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாங்க வேண்டியதும் இல்லை, ரிப்பேர் செய்ய வேண்டியதும் இல்லை. அபிப்பிராயம் சொல்ல வருகிறார்கள்.

நானும் அந்தப் பெஞ்சில் ஓர் அங்கத்தினன்தான். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. முன்பு சலூனிலும் டீக்கடையிலும் அரசியல் பேசினார்கள், சினிமா பேசினார்கள். இப்போது அந்த ஸ்தானத்தைப் போன் பிடித்துக்கொண்டுவிட்டது. சட்டசபை அங்கத்தினரைத் திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு கேட்கிறவர், தம் சட்டைப் பையில் இருக்கும் போனைச் செய்த கம்பெனியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடுகிறார். சொந்த அண்ணன் தம்பியைப் பேசிவிட்டதுபோல எழுந்து நின்று பதில் சொல்கிறார்.

நாவல் விமரிசனம், சிறுகதை விமரிசனம் என்று இந்தப் பக்கங்களில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இந்தத் தடவை அந்தப் பெஞ்சு விமரிசனத்தையே விமரிசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வேடிக்கைக்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் பழகிய பழக்கத்தால் என் வீட்டில் ஒரு ராத்திரி எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெஞ்சில் மூன்று பேரை வாசகர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாமவர் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பது தாண்டியவர். "நோக்கியா மாதிரி ஒண்ணு இனிமேப் பொறந்துதான் வரோணுமுங்க" என்பது அவருடைய கட்சி. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003ல் வந்த நோக்கியா 1100 என்ற சின்னப் போனை நம்மில் பலர் வைத்திருந்தோம். அதன் தலையில் ஒரு டார்ச் விளக்கு உண்டு. புழுதி புகாத பொத்தான்கள். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள்கணக்கில் தாங்கும். நம் நாட்டைப் போன்ற நாடுகளின் புழுதியையும் இருட்டையும் மின்வெட்டையும் யோசித்துச் செய்த சாமான் அது. ராத்திரி மூன்று மணிக்கு வாழைத் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போகிறவனுக்கு, வரப்பில் கிடக்கிற பாம்பைக் காட்டிக் கொடுத்த போன் அது. அவரும் அப்படிப் போனவர்தான். அதனால் அவர் புகழ்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயத்திலிருந்து அவர் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறார். அந்தக் கம்பெனி செய்ததெல்லாம் தங்கம், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று முடித்துவிடுகிறார். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டதை அவர் சொல்லும்போது, உறவில் யாரோ தவறிவிட்டதுபோல இருக்கும். தொடுதிரை வந்தபோது அந்தக் கம்பெனி காலத்தில் விழித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது ஆள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய்வருகிற பையன். ஆப்பிள் பக்தன். அவன் வைத்திருப்பது இன்னொருவர் உபயோகித்து விற்றது. அதற்கும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். "வேற எதுவுமே போன் இல்லைங்கண்ணா" என்பான். ஏன் என்று கேட்டால், "கையில எடுத்தாவே தெரியுமுங்கண்ணா" என்பான். யாருக்குத் தெரியும் என்று நான் கேட்பதில்லை, எதிரில் வருகிறவருக்குத்தான். 2019லிருந்து ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே பூட்டப்படுகின்றன, பூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து போன பெண்கள் என்று ஒரு நாள் சொன்னேன். மகிழ்ச்சி அடைவான் என்று எதிர்பார்த்தேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. தூர தேசத்துப் பொருள் என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது.

மூன்றாமவர் ஊட்டிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். அவர் போனின் கண்ணாடி இரண்டாக விரிந்திருக்கிறது. மேலே பசை நாடா ஒட்டியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார். பெஞ்சில் அவருக்கு மதிப்பு இல்லை.

போன் கம்பெனிகளைப் பற்றிப் பெஞ்சில் நடக்கும் விவாதத்தைக் கூர்ந்து கேட்டால், அதில் இரண்டே இரண்டு முறைகள்தான் இருக்கின்றன என்பது தெரியும். ஒன்று, குலப் பெருமை. மற்றது, எண் பெருமை. 2014 ஜூலையில் ஷியோமி என்ற சீனக் கம்பெனி நம் நாட்டுக்கு வந்து குறைந்த விலைக்குப் பெரிய எண்களைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, இரண்டாவது முறை ஊரெல்லாம் பரவிவிட்டது. எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜி.பி., எத்தனை மில்லியாம்ப் என்று பையன்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைதான் மெகாபிக்சல். வெளிச்சத்தை வாங்குகிற சில்லு சிறியதாக இருந்தால் புள்ளிகளைக் கூட்டி மட்டும் படம் நன்றாக ஆகிவிடாது. "எண்ணூறு பக்க நாவல்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது மாதிரி. பக்கத்தை எண்ணலாம். நாவல் எப்படி என்பதைப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு முறைகளாலும் நல்ல விஷயங்கள் எப்படிக் கவனத்திலிருந்து தப்பிப் போகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நோக்கியா கம்பெனி நாவ்டெக் என்ற வரைபட ஸ்தாபனத்தை 2008ல் சுமார் 810 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2010 ஜனவரியில், தன் போன்களில் வழி சொல்லும் வசதியை இலவசமாகவே கொடுத்தது. வரைபடத்தைப் போனுக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்; சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் அது வழி சொல்லும். மலை ஓரத்தில் வாழ்கிற நமக்கு இதைவிட வேண்டியது என்ன இருக்கிறது? கூகுள் வரைபடம் சிக்னல் இல்லாமல் திருப்பம் திருப்பமாக வழி சொல்ல ஆரம்பித்தது 2015 நவம்பரில்தான். ஆனால் நம் மண்டிக் கணக்கருக்கு டார்ச் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கம்பெனி தோற்றுப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தோற்றவன் செய்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரைபட ஸ்தாபனத்தை 2015ல் ஜெர்மனியின் மூன்று கார் கம்பெனிகள் சேர்ந்து வாங்கிக்கொண்டன. வரைபடம் சாகவில்லை, கை மாறிவிட்டது.

இனி, போனுக்குள் இருக்கும் செயலிகளைப் பற்றி அவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களுக்கு வருகிறேன். அங்கே நட்சத்திரம் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை கொடுக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா படித்துப் பார்ப்பேன். ஒருவர் சாப்பாட்டுச் செயலிக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, தோசை ஆறிப்போயிருந்தது என்று எழுதுகிறார். இன்னொருவர் "சூப்பர்" என்று எழுதி ஐந்து கொடுக்கிறார். எது சூப்பர், எதற்குச் சூப்பர் என்பதற்கு அங்கே இடம் இல்லை. பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுகிறவர் பெயரும் ஊரும் போட்டு எழுதுகிறார். தவறாக எழுதினால் அடுத்த வாரம் இன்னொருவர் கேட்பார். நட்சத்திரத்துக்கு ஊரும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கட்டை விரலால் ஒரு தட்டு, அதோடு காரியம் முடிந்தது. அப்படி நானும் தட்டியிருக்கிறேன். வரைபடச் செயலி ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது மட்டுமல்ல, பெஞ்சில் ஒரு வாரம் அதன் புகழைப் பாடியும் இருக்கிறேன்.

ஏன் பாடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த யந்திரம் செய்கிற காரியம் சாதாரணமானது அல்ல. தரைக்கு மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டு ஓயாமல் நேரம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நாலு கோள்களின் சமிக்ஞையாவது வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கணக்கிட்டு, போன் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதற்குச் சிம் கார்டுகூட வேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து கூகுள் வரைபடத்தில் இடங்களின் பெயர்கள் தமிழ் முதலான பத்து இந்திய மொழிகளில் தாமாகவே எழுத்துப் பெயர்க்கப்பட்டு வருகின்றன. இங்கிலீஷ் படிக்காத லாரி டிரைவர் தமிழில் வழி கேட்டு, தமிழில் பதில் கேட்டுக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய்வருகிறார். ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டி வருகிற ஒரு பெண், தெரியாத ஊரில் தெரியாத ஆண்களிடம் கண்ணாடியை இறக்கி வழி கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வழி கேட்பது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள்தான் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

ஆகவே வரைபடத்தை எடுத்து எறி என்று சொல்ல நான் வரவில்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்பதுதான் விமரிசனம். அதைச் செய்யாமல் நட்சத்திரம் கொடுத்தேன் என்பது என் குற்றம்.

எங்கள் ஊரில் பவானிப் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மலைக்கு இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறுகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். மற்றது குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறுகிறது. கோடைக் கூட்டத்தில், ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும் என்று ஒருவழி ஏற்பாடு செய்வார்கள். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் வந்தது. இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்வார். கூடவே இன்னும் இரண்டு சொல்வார்: ஏறின கியரிலேயே இறங்கோணும், மேலே ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விடோணும்.

வரைபடம் இதில் எதைச் சொல்கிறது? தூரம் சொல்கிறது. நேரம் சொல்கிறது. இரண்டு வழிகள் இருந்தால் எது எத்தனை நிமிடம் குறைவு என்று சொல்கிறது. கியரைப் பற்றி அது பேசுவதில்லை. சமவெளியில் பழகிய ஒருவர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஒரு பாதை இறங்குகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் வழியாகச் சுற்றுவதைவிடப் பாதித் தூரத்துக்கும் குறைவு. தூரக் கணக்கில் இதுதான் உத்தமமான வழி. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த 7 பேர் சென்ற கார் அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். 5 பேர் இறந்திருந்தார்கள். அதற்கு வரைபடம் காரணம் என்று நான் சொல்லவில்லை. குறுகிய வழி என்பது நல்ல வழி ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு வெளி மாவட்ட வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது.

வேகம்தான் அளவுகோல் என்றால் எங்கள் ஊர் மலை ரயிலை என்ன செய்வது? 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. வழியில் ஒரு பகுதியைப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கடந்து, மொத்தம் 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. நிமிடக் கணக்குப் பார்க்கிற யந்திரம் இதை ஒரு நாளும் சிபாரிசு செய்யாது. ஜனங்களோ மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இனி அந்த ராத்திரியைச் சொல்கிறேன்.

கோடைக்காலம். என் தங்கையும் அவள் கணவரும் ஏழு மாதக் குழந்தையோடு கோத்தகிரியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம். மலையில் வண்டி ஓட்டிப் பழக்கம் குறைவு. சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்கு எனக்குப் போன் வந்தது. நான் ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தை முடித்து அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தேன்.

"மச்சான், முன்னாடி ஒரே வண்டியா நிக்குதுங்க. நகரவே மாட்டீங்குது. போன் வேற ஒரு வழி காட்டுது, எஸ்டேட்டு வழியா. பன்னெண்டு நிமிசம் மிச்சமுங்குது. போலாங்களா?"

"காட்டினாப் போங்க மாப்பிள்ளை. அதுக்குத் தெரியாததா?" என்றேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஏழு மணிக்கு அம்மா அவர்களுக்குப் போன் போடச் சொன்னாள். தொடர்பு கிடைக்கவில்லை. எட்டு மணிக்கும் கிடைக்கவில்லை. மலையில் மழை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"உன்னையத்தான வழி கேட்டாங்க?"

"ஆமாம்மா."

"நீ என்ன சொன்னே?"

நான் சொன்னதைச் சொன்னேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னுடைய புத்தகங்களைப் பற்றி எவ்வளவோ பேர் எவ்வளவோ கடுமையாக எழுதியிருக்கிறார்கள். அந்த மௌனம் மாதிரி எதுவும் என்னைத் தைத்ததில்லை.

பதினொன்றே காலுக்கு வண்டி வந்து நின்றது. மூன்று பேரும் சுகம். நடந்தது இதுதான். அந்த எஸ்டேட் பாதை ஒரு மைல் போனபின் கார் அகலத்துக்கு ஒடுங்கி, கடைசியில் பூட்டிய கேட்டில் முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் பள்ளம். வண்டியைத் திருப்ப இடம் இல்லை. மூடுபனியும் மழையும் வேறு. சிக்னல் இல்லை. குழந்தைக்குக் கொண்டுபோன பால் தீர்ந்துவிட்டது. காட்டெருமை நடமாடுகிற இடம் என்பதால் இறங்கி நடக்கவும் பயம். எட்டரை மணிக்குமேல் ஒரு காவல்காரர் டார்ச் விளக்கோடு வந்திருக்கிறார். ஒரு மைல் தூரமும் பின்னால் நடந்துகொண்டே விளக்குக் காட்டி, வண்டியைப் பின்னுக்கே எடுக்க வைத்து, தார்ச் சாலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "இது ஜீப்பு போற வழிங்க. அது போனுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டாராம். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. தங்கையின் வண்டி கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றாராம்.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முதல் கேள்வியை மண்டிக் கணக்கர் கேட்டார்: "மாப்பிள்ளை என்ன போன் வெச்சிருக்காருங்க?" சொன்னேன். "அதான பார்த்தேன். அதுல எடம் காட்டறதே சரியிருக்காதுங்க" என்றார். கல்லூரிப் பையன், ஆப்பிளாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றான். அதே வரைபடம்தான் அதிலும் ஓடுகிறது என்று இன்னொருவர் எதிர்த்தார். அரை மணி நேரம் சண்டை. செயற்கைக்கோள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, கார் எங்கே நின்றதோ அதே இடத்தைத்தான் போனும் காட்டியது, போனைச் செய்தவன் யாராக இருந்தாலும் கேட் பூட்டித்தான் இருந்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. என் தங்கையும் குழந்தையும் மூன்று மணி நேரம் இருட்டில் இருந்த விஷயம், எந்தக் கம்பெனி உசத்தி என்ற பழைய வழக்கில் ஒரு சாட்சியாகிவிட்டது. அவ்வளவுதான்.

வேன் டிரைவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "எந்தக் கேட்டுங்க? கோயிலுக்கு அக்கட்டால திரும்பறதா, இக்கட்டாலயா?"

நான் தங்கைக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னேன். விரிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர் வரைபடத்தைப் பெரிதாக்கினார். அந்தக் கோட்டைத் தொட்டார். வரைபடத்தில் உள்ள தவறை அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தனியார் பாதை, கேட் பூட்டியிருக்கும், கார் போகாது என்று அவர் தமிழிலேயே எழுதி அனுப்பினார். இதுபோல இதற்கு முன்னும் எத்தனையோ அனுப்பியிருக்கிறாராம். பெஞ்சில் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டபோது, "அனுப்புனா மாத்துவாங்க, மாத்தாமலும் போவாங்க. நாளைக்கு எவனோ ஒருத்தன் குடும்பத்தோட வருவானுங்களே" என்றார்.

எனக்கு அப்போது ஒரு விஷயம் விளங்கியது. வரைபடம் என்பது எங்கோ ஒரு கம்பெனி எழுதி முடித்துவிட்ட புத்தகம் என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அதை நாமும் சேர்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாலையில் நெரிசல் என்று சிவப்புக் கோடு காட்டுகிறதே, அந்தச் செய்தி அங்கே போய்க்கொண்டிருக்கும் நம்முடைய போன்களிலிருந்துதான் போகிறது. 2020 பிப்ரவரியில் பெர்லின் கலைஞர் ஸைமன் வெக்கெர்ட் என்பவர் 99 போன்களை ஒரு கைவண்டியில் போட்டுக் காலித் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போன செய்தியை வெளியிட்டார். வரைபடம் அந்தக் காலித் தெருவைச் சிவப்பாக்கிவிட்டது. அதற்குக் கண் இல்லை. நாம் காட்டியதைத்தான் பார்க்கிறது. எஸ்டேட் பாதையில் யாரும் போகாததால் நெரிசல் இல்லை. நெரிசல் இல்லாததால் அது நல்ல வழி ஆகிவிட்டது.

2024 ஜனவரியில் கூடலூரிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் கார், கூகுள் வரைபடம் காட்டிய வேகமான வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. போலீஸாரும் ஊராரும் சேர்ந்து மீட்டார்கள். பத்திரிகை படித்தவர்கள் எல்லாம் சிரித்தோம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அப்போது சிரிக்க முடியவில்லை. வரைபடம் அந்தப் பாலத்தை முழுசாகக் காட்டியது என்றார்கள். பாலத்துக்கு முன்னால் சரியான தடுப்பு வைக்கவில்லை என்று பொதுப்பணித் துறை என்ஜினீயர்கள் மீதும் வழக்குப் பதிவாயிற்று. இது நியாயம். வரைபடத்தை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால், நாலு கல்லைப் போட்டு ஒரு கம்பைக் குறுக்கே கட்டாதவர் தப்பித்துக்கொள்வார். எஸ்டேட்காரரும் அப்படித்தான். பாதையின் முனையிலேயே ஒரு பலகை வைத்திருந்தால் என் தங்கை அந்த ராத்திரி அங்கே நின்றிருக்க மாட்டாள். வரைபடத்தை நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்த வழி குறுகல், இதில் கார் போய்வந்ததாகத் தகவல் இல்லை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வது அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்குக் கஷ்டமாக இருக்க முடியாது. பன்னிரண்டு நிமிடத்தைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆனால் முதலில் என்னைத்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் பிறந்தவன். அந்த மலையில் எஸ்டேட் பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைவிடப் போனுக்கு அதிகம் தெரியும் என்று ஒரு விநாடியில் தீர்ப்புச் சொன்னேன். அது அபிப்பிராயம்கூட இல்லை. பெஞ்சில் பழகிய வாய் தானாகச் சொன்னது. அபிப்பிராயம் என்றால் அதைச் சொன்னவன் அதற்கு ஜவாப்தாரி. "அந்த வழி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வண்டி சரியாகத் திரும்புகிறதா என்று நின்று பார்க்கிறாரே டீக்கடைக்காரர், அவர் சொல்வது அபிப்பிராயம். ஒரு மைல் தூரம் விளக்குப் பிடித்து வந்த காவல்காரர் சொன்னது அபிப்பிராயம். புத்தக விமரிசனம் எழுதுகிற என் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். எந்தப் பதிப்பகம், எந்தக் கோஷ்டி என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுவதும் நம் பெஞ்சில் நடப்பதும் ஒன்றுதான். உங்களை நம்பி ஒருவன் அந்தப் புத்தகத்துக்குள் போகப் போகிறான்.

போன மாதம் தங்கை குடும்பம் மறுபடியும் வந்தது. ஊட்டி போய்விட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. புறப்படும்போது மாப்பிள்ளை போனை வண்டியின் முன்னால் மாட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "மச்சான், எறங்கறப்ப எந்த வழிங்க?" என்று கேட்டார். வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். எந்த வழி, எத்தனை மணிக்குள் புறப்பட வேண்டும், எங்கே மழைக்கு மண் சரிகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு காகிதத்தில் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கடைசியில், "ரெண்டாவது கியர்லயே எறங்கச் சொல்லுங்க" என்றார். அதையும் எழுதினேன்.

அந்த எஸ்டேட் பாதை வரைபடத்தில் என்ன ஆயிற்று என்று அன்று ராத்திரி பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. நானும் ஒரு தகவல் எழுதி அனுப்பினேன். இப்போது அதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.